மியூசியத்துல விஆர் வைக்கப் போறீங்களா? "நிஜத்தைப் பார்த்தேன்"ங்கற உணர்வு கெடாம செய்ய முழுமையான வழிகாட்டி

கொஞ்ச நாள் முன்னாடி பெரியம்மாவை ஒரு மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். உள்ள நுழைஞ்சதுமே ஒரு இருட்டு ரூம்ல விஆர் (விர்ச்சுவல் ரியாலிட்டி, ஹெட்செட் மாட்டினா நாமளே காட்சிக்குள்ள இருக்கற மாதிரி தெரியறது) வச்சிருந்தாங்க, பெரியம்மா ஆசையா ஹெட்செட் போட்டுக்கிட்டாங்க, ஒரு வெண்கல அம்மன் சிலை கண்ணு முன்னாடி சுத்துது, பின்னாடி கதிர் கதிரா வெளிச்சம், உடுக்கைச் சத்தம், அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுது. கழட்டினதும் அவங்க கேட்ட முதல் கேள்வி, "நல்லா இருந்துச்சு தம்பி, அம்மன் எங்க இருக்கா?" அங்க நின்ன பையனுக்குத் தெரியல. நாங்களே தேடினோம், மாடியில மூணாவது ரூம்ல ஓரத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்தா. பெரியம்மா செருப்பைக் கழட்டி வச்சிட்டு கையைக் கூப்பினாங்க. அப்புறம் மெதுவா என்கிட்ட, "இவ்ளோ சின்னதா? கீழ ஆள் உசரம் இருந்தாளே"ன்னாங்க. சிலை என் முழங்கால் உசரம்தான்.

செலவு பண்ணி வச்ச விஆர், நிஜச் சிலையை அவங்க கண்ணுல சின்னதாக்கிடுச்சு. இந்த வழிகாட்டியை எழுதறதுக்குக் காரணமே அந்த ஒரு வாக்கியம்தான். சின்ன மியூசியம் நடத்தறவங்க, காலேஜ் தொல்லியல் துறையில இருக்கறவங்க, இவங்களுக்காக வேலை செய்யற டெவலப்பர்கள் எல்லாருக்கும் சேர்த்து எழுதறேன். என் கட்சி இதுதான்: ஹெட்செட்டைக் கழட்டினதுக்கு அப்புறம் ஆள் நிஜப் பொருள்கிட்ட போய் முன்னைவிட அதிக நேரம் நிக்கணும், அப்படி நின்னா விஆர் வேலை செஞ்சிருக்கு, நிக்கலைன்னா கிராஃபிக்ஸ் எவ்ளோ அழகா இருந்தாலும் தோத்துப் போச்சு.

ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி: "நிஜம்"னா எது?

இதைத் தெளிவு பண்ணாம டெண்டர் விடாதீங்க. சுற்றுலா ஆராய்ச்சியில நிங் வாங்னு ஒருத்தர் 1999ல நிஜத்தன்மையை மூணா பிரிச்சுக் காட்டினார், மியூசியத்துக்கும் அது அப்படியே பொருந்துது. முதலாவது, பொருளே நிஜமா: இது உண்மையிலேயே சோழர் காலத்து வெண்கலமா, பின்னாடி வார்த்த நகலா. ரெண்டாவது, ஊரும் நிறுவனமும் நிபுணர்களும் சேர்ந்து இது நிஜம்னு ஒத்துக்கிட்டது, லேபிள், கண்ணாடிப் பெட்டி, பக்கத்துல நிக்கற காவலர் எல்லாமே அதுல ஒரு பங்கு. மூணாவது, பார்க்கறவங்களுக்குள்ள நடக்கறது, பெரியம்மா செருப்பைக் கழட்டினாங்களே, அது.

விஆர்ல முதல் வகை கிடையவே கிடையாது, அதுல இருக்கறது வெறும் படம். ரெண்டாவது வகையை மியூசியத்தோட பேரை வச்சு கடன் வாங்கிக்குது. மூணாவது வகையிலதான் அது பலசாலி, ஆளை உள்ள இழுத்துடும். சிக்கலும் அங்கதான், உணர்ச்சி மட்டும் பலமா வந்து பொருள் பின்னாடி தள்ளப்பட்டா பெரியம்மாவுக்கு நடந்ததுதான் எல்லாருக்கும் நடக்கும்.

இன்னொண்ணும் மனசுல வச்சுக்கங்க, நிஜம்ங்கறது ஊருக்கு ஊர் மாறும். ஜப்பான்ல இசே கோயிலை 20 வருஷத்துக்கு ஒரு தடவை புது மரத்துல திரும்பக் கட்டறாங்க, கடைசியா 2013ல கட்டினாங்க, அவங்களுக்கு அது பழைய கோயில்தான். நிஜத்தன்மையை அந்தந்தப் பண்பாட்டுக்குள்ள வச்சுத்தான் எடை போடணும்னு 1994 நாரா ஆவணம் சொன்னதும் ஜப்பான்லதான். நம்ம ஊர்ல கோயில்ல இருந்து வந்த சிலையைப் பத்தி விஆர் செய்யும்போது இது நேரா வந்து நிக்கும், எட்டாவது படியில திரும்ப வரேன்.

படி 1: ஒரே ஒரு கேள்வியைப் பிடிங்க

கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கற பொருள் தானா சொல்ல முடியாத ஒண்ணு எது? அதை மட்டும் எடுங்க. பாரிஸ்ல இருக்கற லூவ்ர் மியூசியம் 2019 அக்டோபர்ல ஓவியர் லியோனார்டோ டா வின்சி கண்காட்சிக்காக மோனாலிசா பத்தி அவங்களோட முதல் விஆரைக் கொண்டு வந்தாங்க. அந்த ஓவியத்தோட பிரச்சினை உங்களுக்கே தெரியும், 77 சென்டிமீட்டருக்கு 53 சென்டிமீட்டர், தடிமனான கண்ணாடிக்குப் பின்னாடி, முன்னாடி போன் தூக்கின கை நூறு. மரப்பலகையில வரைஞ்சதுங்கறதுகூட கூட்டத்துல நிக்கறவங்களுக்குத் தெரியாது. விஆர்ல கூட்டம் காணாமப் போகுது, நீங்களும் அந்தப் பெண்ணும் மட்டும் எதிரெதிரா இருக்கீங்க, அவ உட்கார்ந்திருக்கற மாடம் சுத்தி விரியுது. ஓவியத்துகிட்ட நேர்ல கிடைக்காத நெருக்கத்தைக் கொடுத்தாங்க, கேள்வி தெளிவா இருந்துச்சு. கடைசியில லியோனார்டோவோட பறக்கும் இயந்திரத்துல பறக்க விட்டாங்க, அது எனக்கு ஒட்டல, அதுக்கும் ஓவியத்துக்கும் என்ன சம்பந்தம்னு நிஜமாவே தெரியல.

நம்ம உற்சவர் சிலைக்குக் கேள்வி என்னவா இருக்கலாம்? பீடத்தைப் பாருங்க, தண்டு கோக்கறதுக்கு வளையமோ ஓட்டையோ இருக்கும். அந்தச் சிலை ஒரு இடத்துல நிக்கறதுக்குச் செஞ்சதில்ல, தோள்ல ஏறி தெருவுல வர்றதுக்குச் செஞ்சது. மியூசியத்துல மனுஷங்க நடக்கறாங்க, சிலை நிக்குது, கோயில்ல மனுஷங்க வாசல்ல கற்பூரத்தட்டோட நிக்கறாங்க, சிலை வருது. இந்த ஒண்ணைக் காட்டினா போதும். வார்ப்பு, சோழர் வரலாறு, சிலைத் திருட்டுன்னு எல்லாத்தையும் ஆறு நிமிஷத்துல திணிக்காதீங்க.

படி 2: தெரிஞ்சது, ஊகிச்சது, கற்பனை - மூணு கலர்

இதுதான் முழு வேலையோட முதுகெலும்பு, அவசரப்படாம செய்யுங்க. எக்செல் ஷீட் ஒண்ணு திறங்க. காட்சியில வரப்போற ஒவ்வொரு பொருளையும் தனித்தனி வரியா போடுங்க, சுவர், விளக்கு, துணி, சத்தம், வானத்தோட நிறம் உட்பட. பக்கத்துல ஆதாரம் என்னன்னு எழுதுங்க. நேரடி ஆதாரம் இருந்தா பச்சை. அதே காலத்து, அதே பகுதிப் பொருளை வச்சு ஊகிச்சா மஞ்சள். இடத்தை நிரப்பறதுக்காக வச்சதுன்னா சிவப்பு. காட்சியில பாதிக்கு மேல சிவப்பா இருந்தா அந்தக் காட்சியே வேணாம்.

இதை நானா கண்டுபிடிக்கல. பாரம்பரியத்தை கம்ப்யூட்டர்ல மீட்டுருவாக்கம் பண்றவங்களுக்காக லண்டன் சாசனம்னு ஒண்ணு இருக்கு, 2009 பதிப்புதான் பரவலா பயன்படுத்தறது. அது வற்புறுத்தறது இதைத்தான்: எதை வச்சு இந்த முடிவுக்கு வந்தீங்கன்னு பதிஞ்சு வைங்க, எது ஆதாரம் எது ஊகம்னு பார்க்கறவங்களுக்குப் புரியற மாதிரி செய்யுங்க.

நல்லா செஞ்சதுக்கு உதாரணம் வேணும்னா லண்டன்ல இருக்கற டேட் மாடர்ன் மியூசியத்தைப் பாருங்க. 2017 நவம்பர்ல தொடங்கின ஓவியர் மோதில்யானியோட கண்காட்சியில, பாரிஸ்ல அவர் கடைசியா வேலை செஞ்ச ஸ்டூடியோவை விஆர்ல கட்டினாங்க, அவர் 1920 ஜனவரியில இறந்துட்டார். அந்த ரூம் இன்னைக்கும் இருக்கு, அதனால நேர்ல போய் அளவெடுத்தாங்க, அது பச்சை. உள்ள என்னென்ன சாமான் இருந்துச்சுங்கறதுக்கு அவர்கூடப் பழகினவங்க சொன்னதையும் அந்தக் காலத்துப் பொருட்களையும் வச்சு ஊகிச்சாங்க, அது மஞ்சள். ஓவியங்களை டேட்டோட பாதுகாப்புப் பிரிவும் க்யூரேட்டர்களும் கூட உட்கார்ந்து பார்த்தாங்க. காட்சியில ஆளை உட்கார வச்சிடறாங்க, ஓடவேண்டியதில்ல, ஒரு பொருளைப் பார்த்தா அதைப் பத்தி குரல் வருது. ஒரு ஏழை ஓவியனோட ரூம், அடுப்பு, சிகரெட், பாதியில நிக்கற கேன்வாஸ், அவ்ளோதான். அடக்கமா இருந்ததாலதான் நம்பும்படியா இருந்துச்சு.

உற்சவர் புறப்பாட்டுக்கு இந்த ஷீட்டைப் போட்டுப் பாருங்க, எவ்ளோ மஞ்சளும் சிவப்பும் வருதுன்னு உங்களுக்கே புரியும். பீடத்து வளையம் பச்சை. எண்ணெய் விளக்கு வெளிச்சம் மஞ்சள். கட்டியிருக்கற பட்டோட நிறம் சிவப்பு. நாதஸ்வரம் போடலாமா? இன்னைக்குக் கேக்கற அதே நாதஸ்வரத்தை ஆயிரம் வருஷம் பின்னாடி கொண்டு போறதுக்கு உங்க கையில ஆதாரம் இருக்கா? இல்லைன்னா, "இது இன்னைக்கு நடக்கற புறப்பாடு"ன்னு சொல்லி இன்னைக்கு நடக்கறதையே 360 டிகிரி கேமராவுல எடுத்துக் காட்டுங்க. அதுல பொய்யே இல்ல, என் ஓட்டு அதுக்குத்தான்.

படி 3: ஸ்கேன் பண்ணும்போது சிலையை அழகாக்காதீங்க

போட்டோகிராமெட்ரின்னா ஒரு பொருளை எல்லாப் பக்கத்துல இருந்தும் நூத்துக்கணக்குல போட்டோ எடுத்து சாப்ட்வேர்ல முப்பரிமாணமா மாத்தறது. ஒரு போட்டோவுக்கும் அடுத்த போட்டோவுக்கும் 60ல இருந்து 80 சதவீதம் பொதுவா இருக்கணும். கட்டிடமே இல்லாம விஆர்ல மட்டும் 2017ல திறந்த கிரெமர் மியூசியம் இருக்கே, அதுல 17ம் நூற்றாண்டு டச்சு, பிளெமிஷ் ஓவியங்களுக்கு ஒவ்வொண்ணுக்கும் 2500ல இருந்து 3500 போட்டோ எடுத்தாங்க, ஓவியத்தோட முதுகுப்பக்கம்கூட போய்ப் பார்க்கலாம்.

வெண்கலம் பளபளக்கும், அது சாப்ட்வேரை ஏமாத்தும். லைட்டுக்கு முன்னாடி ஒரு போலரைசர் (ஒரே திசையில அதிர்ற வெளிச்சத்தை மட்டும் விடற ஃபில்டர்), லென்ஸுக்கு முன்னாடி ஒரு போலரைசர் போட்டு ஒண்ணுக்கொண்ணு குறுக்கா திருப்பினா மினுமினுப்பு அடங்கும். கலர் அட்டையும் அளவுகோலும் பிரேமுக்குள்ள கட்டாயம் வைங்க.

இப்போ முக்கியமான விஷயம். வழிபாட்டுல நிறைய காலம் இருந்த வெண்கலச் சிலை ஒண்ணுகிட்ட போய் முகத்தை உத்துப் பாருங்க. மூக்கு மழுங்கியிருக்கும், உதட்டோட விளிம்பு கரைஞ்ச மாதிரி இருக்கும், மார்புல ஆபரணக் கோடு பாதி அழிஞ்சிருக்கும். சில சிலைகள்ல கண்ணு மட்டும் கூர்மையா தெரியும், முகம் தேஞ்சு போனப்புறம் யாரோ உளி வச்சு கண்ணைத் திரும்ப வெட்டியிருப்பாங்க. பாலும் சந்தனமும் கையும் தலைமுறை தலைமுறையா பட்டுத் தேஞ்ச தேய்மானம் அது. ஸ்கேன் பைலைச் சுத்தம் பண்ற கலைஞருக்கு இது குறையா தெரியும், அவர் நல்ல எண்ணத்தோட மூக்கைக் கூர்மையாக்கிடுவார், மேல தங்கப் பளபளப்பும் போட்டுடுவார். அதோட அந்தச் சிலை அந்தச் சிலையா இருக்காது. ஒப்பந்தத்துலயே எழுதுங்க: தேய்மானத்தைத் தொடக்கூடாது, பச்சைக் களிம்பு இருக்கறது இருக்கறபடி இருக்கணும்.

படி 4: அளவு

ஒண்ணுக்கு ஒண்ணு. விதிவிலக்கு கிடையாது. நெருங்கிப் பார்க்க வைக்கணும்னா ஆளைக் கிட்ட வர விடுங்க, சிலையைப் பெருசாக்காதீங்க. செஞ்சு முடிச்சதும் டேப்பை எடுத்து நிஜச் சிலையை அளந்து, ஹெட்செட்டுக்குள்ள அதே உசரத்துல கையை நீட்டிப் பாருங்க. உட்கார்ந்து பார்க்கறவங்களுக்கும் சின்னப் பசங்களுக்கும் கண் மட்டம் வேறங்கறதால அவங்களை வச்சும் பாருங்க.

படி 5: எங்க வைக்கறதுங்கறதுதான் பாதி வேலை

நிஜப் பொருளுக்குப் பக்கத்து ரூம்ல, நாலு அடி நடந்தா வந்துடற தூரத்துல வைங்க. லூவ்ர்ல விஆர் லியோனார்டோ கண்காட்சி நடந்த ஹால்ல இருந்துச்சு, மோனாலிசா எப்பவும் போல மாடியில அவளோட ரூம்லயே இருந்தா, கண்காட்சிக்கு இறக்கவே இல்ல. அவ்ளோ கூட்டத்துக்கு அவங்களுக்கு வேற வழி இருந்திருக்காது, நமக்கு அந்த நெருக்கடி இல்ல.

இடம் எவ்ளோ பெரிய விஷயம்ங்கறதுக்கு அதே ரூம்ல மோனாலிசாவுக்கு எதிர்ச்சுவர்ல இருக்கற ஓவியமே சாட்சி. வெரோனேசேங்கற ஓவியர் 1563ல முடிச்ச கானா கல்யாணம், வெனிஸ்ல ஒரு மடத்தோட சாப்பாட்டுக் கூடத்துக்குன்னே வரைஞ்சது, 1797ல நெப்போலியன் படை கழட்டிக் கொண்டு வந்துடுச்சு. இன்னைக்கு மோனாலிசாவைப் பார்க்கற கூட்டம் அந்தப் பிரம்மாண்ட ஓவியத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது. 2007ல அச்சு அசலான நகல் ஒண்ணு செஞ்சு வெனிஸ்ல அந்தக் கூடத்துலயே பழைய இடத்துல மாட்டினாங்க, ஜன்னல் வெளிச்சம் ஓவியத்துக்குள்ள இருக்கற வெளிச்சத்தோட சேருது. அசல் ஒரு இடத்துல, அசல் இடம் இன்னொரு இடத்துல. பார்த்தவங்க எது நிஜம்னு யோசிச்சுப் போனாங்க. நல்ல நகல் அசலுக்கு எதிரி இல்லைன்னு நான் நம்பறதுக்கு இதுதான் காரணம், ஆனா அது நகல்னு சொல்லிட்டுத்தான் மாட்டினாங்க.

அசலைப் பார்க்கவே முடியாத இடமும் உண்டு. பிரான்ஸ்ல லாஸ்கோ குகை 1940ல கண்டுபிடிச்சது, பார்க்க வந்தவங்க மூச்சுக்காத்தும் வெளிச்சமும் ஓவியங்களைக் கெடுக்க ஆரம்பிச்சதால 1963ல மூடிட்டாங்க, 1983ல ஒரு நகல், 2016ல இன்னும் பெரிய நகல் திறந்தாங்க. அப்படிப்பட்ட இடத்துல விஆர் வைக்கறது நியாயம், ஏன் அசல் இல்லைங்கறதை முதல் வாக்கியத்துலயே சொல்லிடுங்க, அந்தக் காரணமே மரியாதையை உண்டாக்கும். ஆதிச்சநல்லூர் மாதிரி, தோண்டின குழியில முதுமக்கள் தாழிகளை இருந்த இடத்துலயே விட்டு மேல கண்ணாடித் தரை போட்டிருந்தா அங்க விஆரே தேவையில்லன்னு சொல்வேன், காலுக்குக் கீழ தாழி இருக்கும்போது கண்ணை மறைக்கறது எதுக்கு?

படி 6: குரல்

எல்லாம் தெரிஞ்ச மாதிரி கணீர்னு பேசற குரல் வேணாம். "இந்த வளையத்துலதான் தண்டு கோத்தாங்க. எந்தத் தெரு வழியா போனாங்கன்னு நமக்குத் தெரியாது"ன்னு பேச்சுத்தமிழ்ல சொன்னா ஜனங்க நம்பறாங்க. உங்க ஷீட்டுல மஞ்சளா இருக்கறது குரல்லயும் மஞ்சளா கேக்கணும். காட்சியிலயும் காட்டலாம், ஊகமான பகுதியைக் கோட்டோவியமாவோ மங்கலாவோ விடுங்க. டெவலப்பருக்கு இது பிடிக்காது, முடிக்காத வேலை மாதிரி இருக்கும்பார், விட்டுக் கொடுக்காதீங்க.

படி 7: ஆள், நேரம், வேர்வை

கணக்கு போடுங்க. ஆறு ஹெட்செட், காட்சி 6 நிமிஷம், மாட்டிவிட 2 நிமிஷம், கழட்டித் துடைக்க 2 நிமிஷம். மணிக்கு ஆறு ரவுண்டு, 36 பேர். ரெண்டு ஸ்கூல் பஸ்ஸுல 100 பசங்க வந்தா கிட்டத்தட்ட மூணு மணி நேரம் ஆகும். அதனால காத்திருக்கற இடத்தை நிஜப் பொருளுக்கு முன்னாடியே வைங்க, வரிசையில நிக்கற நேரம் பொருளைப் பார்க்கற நேரமா ஆகிடும்.

சுழல் நாற்காலியில உட்கார வைங்க. காட்சிக்குள்ள கேமராவை நீங்களா நகர்த்தாதீங்க, உடம்பு அசையாம கண்ணு மட்டும் அசைஞ்சா தலை சுத்தும், குமட்டும், அப்புறம் அந்த ஆளுக்குச் சிலையாவது ஒண்ணாவது. பிரேம் ரேட் (ஒரு செகண்டுக்கு எத்தனை படம் மாறுதுங்கறது) 72க்குக் கீழ போகவே கூடாது, 90 இருந்தா நல்லது. கண்ணாடி போட்டவங்களுக்கு இடம் இருக்கான்னு வாங்கறதுக்கு முன்னாடியே பாருங்க. மல்லிப்பூ வச்ச கொண்டை, துப்பட்டா, தலையில எண்ணெய் எல்லாத்துக்கும் பட்டை ஒத்து வரணும், ஹெட்செட்ல முகத்துல படற பாகம் துடைக்கற மாதிரி இருக்கறதா வாங்குங்க, துணி ஸ்பாஞ்ச் நம்ம வேர்வைக்குத் தாங்காது. ரொம்பச் சின்னப் பசங்களுக்குப் போடாதீங்க, வயசு வரம்பு தயாரிப்பாளரோட கையேட்டுல இருக்கும், அதையே போர்டுல எழுதி மாட்டுங்க. போட முடியாதவங்களுக்கு அதே காட்சியை ஒரு டிவியில ஓட விடுங்க.

படி 8: சாமி விஷயம்

இதை டெக்னிக்கல் ஆட்கள் தாண்டிப் போயிடறாங்க. கன்ட்ரோலரை அழுத்தி அபிஷேகம் பண்ற மாதிரி, ஆரத்தி காட்டற மாதிரி செய்யாதீங்க. அந்தச் சிலை எந்த ஊர்ல இருந்து வந்துச்சோ அந்த ஊர்ல போய்ப் பேசுங்க, குருக்கள்கிட்ட, சாமி தூக்கறவங்ககிட்ட, மாலை கட்டறவங்ககிட்ட. தோள்ல தண்டு எந்த இடத்துல அழுத்தும், திருப்பத்துல யார் முதல்ல கால் எடுத்து வைப்பாங்கங்கறது அவங்களுக்குத்தான் தெரியும், எந்த நூலகத்துலயும் கிடைக்காத பச்சை ஆதாரம் அது. எதைக் காட்டக்கூடாதுன்னு அவங்க சொன்னா காட்டாதீங்க. ஷீட்டுல அவங்க பேரைப் போடறதுக்கு அனுமதி கேளுங்க, விருப்பப்பட்டா முடிவுல வர்ற பெயர்ப் பட்டியல்ல போடுங்க.

படி 9: ஹெட்செட்டைக் கழட்டற அந்த அரை நிமிஷம்

இதுக்குன்னு தனியா திட்டம் போடறவங்களை நான் பார்த்ததே இல்ல, மொத்த வேலையும் இதுலதான் ஜெயிக்கும் இல்ல தோக்கும். காட்சியோட கடைசியில ஊர்வலம் மெதுவா மங்கட்டும், தெரு மறையட்டும், அதே சிலை அதே அளவுல இப்போ இருக்கற கண்ணாடிப் பெட்டிக்குள்ள நிக்கற மாதிரி கேலரியையே காட்டுங்க. சத்தம் நிக்கட்டும். கழட்டினதும் கண்ணு முன்னாடி நிஜப் பெட்டி இருக்கணும். உதவியாளர் ஒரே வரி சொன்னா போதும்: "பீடத்துல அந்த வளையம் இருக்கா பாருங்க." அவ்ளோதான், ஆள் குனிஞ்சு தேட ஆரம்பிச்சிடுவார். தேடறதுக்கு ஒண்ணு கையில கொடுத்து அனுப்பினா நடக்கற மாற்றத்தை ஒரு தடவை நேர்ல பாருங்க, பசங்க தரையில உட்கார்ந்துகூட எட்டிப் பார்ப்பாங்க.

படி 10: சோதிக்கறது

"நல்லா இருந்துச்சா?"ன்னு கேக்காதீங்க, எல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்க. ஒரு ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கிட்டு ஓரமா நில்லுங்க. விஆர் போடாத 30 பேர் சிலைக்கு முன்னாடி எத்தனை செகண்டு நின்னாங்க, போட்ட 30 பேர் எத்தனை செகண்டு நின்னாங்கன்னு குறிங்க, வாசல்லயே சோதனை நடக்குதுன்னு போர்டு வச்சிடுங்க. அப்புறம் வெளிய வர்றவங்ககிட்ட மூணே கேள்வி: சிலை எவ்ளோ உசரம், கையால காட்டுங்க. பார்த்ததுல எது ஊகம்னு ஞாபகம் இருக்கா? வீட்டுல போய் எதைப் பத்திச் சொல்வீங்க, ஹெட்செட்டைப் பத்தியா சிலையைப் பத்தியா? முதல் கேள்விக்கு ஜனங்க இடுப்புக்கு மேல கையைத் தூக்கினா படி 4க்குத் திரும்பிப் போங்க. ஒரு வாரம் விஆர் முதல்ல சிலை அப்புறம், அடுத்த வாரம் சிலை முதல்ல விஆர் அப்புறம்னு மாத்திப் பாருங்க, எந்த வரிசை உங்க இடத்துக்கு ஒத்து வருதுன்னு தெரியும்.

படி 11: ஒப்பந்தத்துல விடக்கூடாதவை

ஹெட்செட் மாடல் சீக்கிரம் பழசாகிடும், கம்பெனி அப்டேட் நிறுத்திடும், செஞ்சு கொடுத்த ஸ்டூடியோ போனே எடுக்காது. எனக்குத் தெரிஞ்ச ஒரு இடத்துல மூணே வருஷத்துல எல்லாம் அலமாரிக்குள்ள போயிடுச்சு, ஸ்கேன் பைல் யார்கிட்ட இருக்குன்னுகூடத் தெரியல, சிலையைத் திரும்ப வெளிய எடுத்து மறுபடி போட்டோ எடுக்க வேண்டியதாப் போச்சு. அதனால இதெல்லாம் எழுத்துல வாங்குங்க: எடுத்த எல்லா போட்டோவும் எடிட் பண்ணாம மியூசியத்துக்குச் சொந்தம், முப்பரிமாண பைல் எந்த சாப்ட்வேர்லயும் திறக்கற பொது வடிவத்துல வரணும், மூணு கலர் ஷீட்டும் பைல்களோட சேர்ந்தே இருக்கணும், புது ஆய்வு வந்தா மஞ்சளைப் பச்சையா மாத்தவோ தூக்கவோ, குரலைத் திரும்பப் பதிவு பண்ணவோ வழி இருக்கணும். ரெண்டு ஹார்ட் டிஸ்க்ல காப்பி போட்டு ரெண்டு வேற கட்டிடத்துல வைங்க, வருஷத்துக்கு ஒரு தடவை செருகித் திறக்குதான்னு பாருங்க, பார்த்த தேதியைப் பதிவேட்டுல எழுதி கையெழுத்துப் போடுங்க.